கொய்யாவில் நான்மடியக் கன்றுகளை உருவாக்கும் முறை

கொய்யாவின் இயல்பான குரோமோசோம் எண்ணிக்கை 22; அதாவது, 11 கொண்ட இரண்டு தொகுதிகள். அதனை 44 ஆக்கிய நான்மடிய (நான்கு தொகுதிகள் கொண்ட) கன்றை வளர்த்து, இயல்பான மரத்தோடு கலப்பினச் சேர்க்கை செய்தால், விதை குறைந்த பழங்களைத் தரும் மும்மடிய (மூன்று தொகுதிகள் கொண்ட) கன்றுகளைப் பெற வாய்ப்புண்டு. இதற்குப் பயன்படும் கோல்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கடும் நஞ்சு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் அது தடுப்பதால், இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இன்றி, ஆய்வகத்துக்கு வெளியே, இதைத் தொடவே கூடாது.

விதையிலைகள் விரிந்தவுடன், அவற்றின் நடுவிலுள்ள வளர்நுனியில் சிறு பஞ்சை வைத்து, 0.2 விழுக்காட்டுக் கரைசலைக் காலையும் மாலையும் சில நாள்களுக்குச் சொட்டுச்சொட்டாக இட வேண்டும். சென்னையின் சித்திரை வெயிலில் பஞ்சு விரைவில் உலர்ந்து, கரைசல் செறிவேறி நுனியைக் கருக்கிவிடும் என்பதால், தை மாதத்தில், ஆய்வகத்தைச் சேர்ந்த நிழல்வலைக்குள் இதைச் செய்வதே நல்லது என்பேன். பல கன்றுகள் மடியும். ஆகவே தாராளமான எண்ணிக்கையில் தொடங்குங்கள்.

தடித்து அகன்ற இலையும் பெரிதான இலைத்துளைகளும் நம்பிக்கை தரும் அறிகுறிகளே தவிரச் சான்றுகள் ஆகா. வேர்நுனியில் எண்ணிப் பார்ப்பதும் இங்கே பயன்படாது. மருந்து தொட்டது தண்டுநுனியை மட்டுமே என்பதால், வேர் பழைய 22 குரோமோசோம்களுடனேயே இருக்கும். இளந்தளிரின் செல்களில் எண்ணி 44 என உறுதிசெய்த பிறகே, அந்தக் கிளையைத் தனியே ஒட்டுக்கட்டிப் பெருக்க வேண்டும்.