நீச்சல் குளத்தில் நீரடி விளக்குப் பொருத்தும் முறை

குளத்துக்குள் இறங்கும் விளக்கு 12 வோல்ட்டில் இயங்குவதாகவும், தொடர்ந்து நீரில் மூழ்கியிருந்தாலும் உள்ளே நீர் புகாது எனக் காட்டும் ஐபி68 தரக்குறி உடையதாகவும் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் பாதுகாப்பு வகை டிரான்ஸ்ஃபார்மரை நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 3.5 மீட்டருக்கு அப்பால், ஈரம் படாத உயரத்தில் வைத்து, அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை அமைக்க வேண்டும். ஏணி, கைப்பிடி, பம்ப்பின் உலோக உடல் ஆகியவற்றைச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைப்பதும் இதனோடு சேர்ந்ததே. இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். இது கைப்பழக்கம் பார்க்கும் இடமன்று.

அடுத்து கேபிள். பிற்காலத்தில் விளக்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து உலர்ந்த நிலையில் திறக்கும் அளவுக்கு, கூடுதல் கேபிளை விளக்கின் பின்புறக் குழியில் சுருட்டி வைக்க வேண்டும். நீருக்கடியில் ஒட்டுப்போடவே கூடாது. இணைப்புப் பெட்டி நீர்மட்டத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும், ஏனெனில் கேபிள் செல்லும் குழாய் வழியே தண்ணீர் அதே மட்டம் வரை ஏறி நிற்கும்.

கண்ணாடியை மூடும்போது ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகளோ தலைமுடியோ சிக்கியிருந்தாலும் கசியும். திருகுகளை வரிசையாக அன்றி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். நீரே குளிர்விப்பதால், பல வகை விளக்குகளை நீருக்கு வெளியில் எரியவிட்டுச் சோதிக்கக் கூடாது. வெந்நீர்த் தொட்டிக்கோ, அந்த வெப்பநிலைக்கு உகந்தது எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விளக்கையே வாங்க வேண்டும்.

நீர் நிரப்பியதும், எவரும் இறங்குமுன், ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.