ஒகேனக்கல் லீவுல ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா பழகுறது எப்படி

லைக்கா எம் மாதிரி டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்ல ஆட்டோஃபோகஸ் கிடையாதுங்க, வியூஃபைண்டர் நடுவுல ஒரு சின்ன கட்டம் இருக்கும், அதுக்குள்ள உருவம் ரெண்டா தெரியும், லென்ஸ் வளையத்த திருப்பி ரெண்டையும் ஒண்ணா சேர்த்தா ஃபோகஸ் ஆயிடுச்சு. பழகுறதுக்கு நேர்கோடா இருக்குற பொருளா பாருங்க, பரிசல்காரர் துடுப்போட விளிம்பு அருமையா அமையும், அருவித் தண்ணியில மட்டும் வேணாம், கோடே பிடிபடாது.

பரிசல் சுத்தும்போது வளையம் திருப்ப நேரமே இருக்காது. 35 எம்எம் லென்ஸ்னா அப்பர்ச்சர, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் நுழையுற துவாரத்த, எஃப் 8ல வச்சு, லென்ஸ் மேல இருக்குற தூர அளவுல 5 மீட்டர்ல நிறுத்திடுங்க, ஃபுல் ஃப்ரேம் கேமராவுல (சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுக்கு இருக்குறது) சுமார் இரண்டரை மீட்டர்லேர்ந்து தூரத்துப் பாறை வரைக்கும் தெளிவா வரும், அப்புறம் ஆளுங்க முகத்த மட்டும் பாத்து கிளிக் பண்ணா போதும். எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இதுதான்.

முக்கியமா ஒண்ணு, நீங்க பாக்குறது லென்ஸ் வழியா இல்ல, தனி ஜன்னல் வழியா. அதனால சாரல் துளி லென்ஸ்ல நின்னாலும், மூடிய கழட்டாம விட்டாலும் உங்களுக்குத் தெரியாது, மைக்ரோஃபைபர் துணி கையிலயே இருக்கட்டும்.

மீன் வறுக்குற கடையில தட்ட ரொம்ப கிட்ட எடுக்க முடியாது, பெரும்பாலான லென்ஸ் 70 சென்டிமீட்டருக்கு உள்ள ஃபோகஸ் ஆகாது. கொஞ்சம் தள்ளி நின்னு அடுப்பு, கல்லு, வறுக்குற அக்கா எல்லாத்தையும் சேர்த்து எடுங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு.