சிறிய ரேஸ் கார் எஞ்சினுக்கு மாற்று வால்வு தேர்ந்தெடுக்கும் முறை

1000 சிசி முதல் 1600 சிசி வரையிலான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர், சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றியதும் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு பெரிய வால்வு போடலாம் என்பதுதான். வால்வு என்பது, காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் நுழையும் (இன்டேக்) வழியையும் எரிந்த வாயு வெளியேறும் (எக்ஸாஸ்ட்) வழியையும் திறந்து மூடும், வட்டத் தலையும் நீண்ட தண்டும் கொண்ட உறுப்பு. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைப்பதே நல்லது. பழைய வால்வு ஏன் கெட்டது, தண்டின் அளவு என்ன, எந்த உலோகம் பொருந்தும் என்பவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், பல நேரங்களில் விட்டத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

படி 1: விதிப் புத்தகமும் பழைய வால்வும்

நீங்கள் ஓட்டப்போகும் பிரிவின் விதிகளில் வால்வின் விட்டம், உலோகம், சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) கோணம், எடை ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ளதா என்று பாருங்கள். பல பிரிவுகளில் மூல விட்டத்தை மாற்றக் கூடாது; டைட்டானியத்துக்கு அனுமதி இல்லாத பிரிவுகளும் உண்டு.

அடுத்து, கழற்றிய வால்வுகளை எந்த சிலிண்டரிலிருந்து வந்தவை என்று குறித்து வரிசையாக வைத்துப் பரிசோதியுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் எரிந்து அரிக்கப்பட்டிருந்தால், டாப்பட் இடைவெளி (வால்வு மூடியிருக்கும்போது அதைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே விடப்படும் சிறு இடைவெளி) குறைந்து வால்வு முழுமையாக மூடாமல் இருந்திருக்கலாம். கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். கைடு (தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்து வால்வு சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். இந்தக் காரணத்தைக் களையாமல் விலை உயர்ந்த உலோகத்தில் புதிய வால்வு வாங்கினால், அதுவும் சற்றுத் தாமதமாக எரியும், அவ்வளவே. தண்டின் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) முனையின் நடுவில் அமரவில்லை என்று பொருள். தலை வளைந்திருந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றதா, வால்வு டைமிங் (திறந்து மூடும் நேரம்) தவறியதா என்று தேட வேண்டும்.

படி 2: அளவெடுத்தல்

தலையின் விட்டம், மொத்த நீளம், சீட் முகத்தின் கோணம், லாக் (வால்வு ஸ்பிரிங்கைத் தண்டோடு பிடித்துவைக்கும் சிறு துண்டு) பள்ளத்தின் வடிவமும் முனையிலிருந்து அது இருக்கும் தொலைவும், தண்டின் விட்டம் ஆகிய ஐந்தும் கட்டாயம் தேவை. கோணம் தவிர்த்த மற்ற அளவுகளுக்கு வெர்னியர் காலிபர் போதும். தண்டுக்கு மட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும், ஏனெனில் அங்கே 0.01 மி.மீ. வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கது. கைடுக்குள் ஓடும் பகுதியில் மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில் அளந்து, தேயாத பகுதியின் அளவோடு ஒப்பிடுங்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்கள் விட்டுவிடும் அளவு ஒன்று உண்டு: வால்வைச் சீட்டில் அமர்த்திய நிலையில், ஸ்பிரிங் உட்காரும் தளத்திலிருந்து தண்டின் முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. முன்பே சீட் வெட்டப்பட்ட ஹெட்டில் வால்வு ஆழமாக இறங்கியிருப்பதால் முனை மேலே உயர்ந்திருக்கும். அங்கே மூல நீளமுள்ள வால்வைப் போட்டால் ராக்கரின் கோணம் கெடும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நேரடியாக பக்கெட்டை (தண்டின் முனையை மூடும் கிண்ணத்தை) அழுத்தும் எஞ்சினாக இருந்தால் டாப்பட் இடைவெளியே இல்லாமல் போகலாம். முனையை அரைத்து நீளத்தைச் சரிசெய்வதற்கு எல்லை உண்டு, ஏனெனில் அதன் கடினப்படுத்திய அடுக்கு மெல்லியது.

படி 3: உலோகம்

எக்ஸாஸ்ட் வால்வின் தலை முழுச் சுமையில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. இன்டேக் வால்வைப் புதிய கலவை குளிர்விப்பதால் அது இதைவிட வெகுவாகக் குறைந்த வெப்பத்தில் வேலை செய்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே உலோகம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டர்போ இல்லாத சிறிய பந்தய எஞ்சினுக்கு 21-4என் என்ற துருப்பிடிக்காத எஃகில் செய்த எக்ஸாஸ்ட் வால்வு பெரும்பாலும் போதுமானது. அதில் சுமார் 21 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் உள்ளன; இந்த வகை எஃகில் காந்தம் ஒட்டாது. வாங்கும்போது இந்தப் பண்பு கைகொடுக்கும்: எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் ஒட்டாத காந்தம் தண்டில் ஒட்டினால், அது இரண்டு வகை எஃகுகளை உராய்வு வெல்டிங் மூலம் இணைத்துச் செய்தது. சாலைக் கார்களில் அத்தகைய வால்வுகள் குறையில்லாமல் உழைக்கின்றன. பந்தயத்துக்கு ஒரே துண்டாக அடித்துச் செய்ததையே நான் பரிந்துரைப்பேன். இன்டேக் வால்வு முழுவதிலும் காந்தம் ஒட்டுவது குறையல்ல, அவை பெரும்பாலும் வேறு வகை எஃகில் செய்யப்படுபவை.

டர்போ பொருத்திய எஞ்சினுக்கும், நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கும் இன்கோனெல் 751 போன்ற நிக்கல் கலவையில் செய்த எக்ஸாஸ்ட் வால்வு பொருத்தமானது. உள்ளீடற்ற தண்டில் சோடியம் நிரப்பிய வால்வுகள் வெப்பத்தைத் தலையிலிருந்து தண்டுக்கு நன்றாகக் கடத்தும். ஆனால் சோடியம் தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும் என்பதால் அவற்றை வெட்டவோ துளையிடவோ கூடாது.

டைட்டானியத்தின் ஆசை எல்லோருக்கும் உண்டு. அது எஃகைவிட ஏறத்தாழ 40 சதவீதம் எடை குறைவானது. வால்வு திசை மாறும்போது அதன் நிறையால் எழும் விசை (நிலைம விசை) சுழல் வேகத்தின் இருமடியில் உயர்கிறது. 6500 ஆர்பிஎம்மிலிருந்து 7500 ஆர்பிஎம்முக்குச் சென்றால் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எனவே எடை குறைந்த வால்வை அதே ஸ்பிரிங் கூடுதல் வேகம் வரை கட்டுப்படுத்தும். ஆனால் டைட்டானியத்துக்குத் தண்டில் மேற்பூச்சு வேண்டும், முனையில் கடினமான தொப்பி வேண்டும், பெரும்பாலும் செம்புக் கலவையாலான சீட்டும் வேண்டும். பூச்சுள்ள முகத்தைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைக்கவும் கூடாது. முதல் எஞ்சினைக் கட்டுபவருக்கு இவ்வளவு சுமை தேவையில்லை.

படி 4: கைடும் லாக்கும்

தண்டுக்கும் கைடுக்கும் இடையே இன்டேக் பக்கம் 0.025 முதல் 0.05 மி.மீ. வரையும், எக்ஸாஸ்ட் பக்கம் 0.04 முதல் 0.07 மி.மீ. வரையும் இடைவெளி இருப்பது வழக்கம். தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். லாக் பள்ளம் ஒற்றையா மூன்றா, ரிடெய்னரின் (ஸ்பிரிங்கின் மேல் தட்டின்) சரிவு 7 டிகிரியா 10 டிகிரியா என்பதையும் சரிபாருங்கள். பொருந்தாத லாக் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும்.

படி 5: இப்போது விட்டம்

36 மி.மீ. இன்டேக் வால்வை 38 மி.மீ. ஆக்கினால் தலையின் பரப்பு 11 சதவீதம் கூடுகிறது. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் திறந்திருக்கும் வால்வைச் சுற்றிக் காற்று நுழையும் வழி, சுற்றளவையும் லிஃப்ட்டையும் (வால்வு திறக்கும் உயரத்தையும்) பெருக்கிய பரப்பு ஆகும். அதே கேம் ஷாஃப்ட்டில் அது 5.6 சதவீதமே கூடும். லிஃப்ட் விட்டத்தின் கால் பங்கை எட்டும்போதுதான் இந்த வழி, தலையின் பரப்புக்குச் சமமாகிறது. 36 மி.மீ. வால்வுக்கு அது 9 மி.மீ. லிஃப்ட். உங்கள் கேம் 8 மி.மீ. மட்டுமே திறக்குமானால், பெரிய வால்வைவிட லிஃப்ட் கூடிய கேம் பற்றி முதலில் யோசிக்கலாம்.

பெரிய வால்வின் விளிம்பு சிலிண்டர் சுவரை நெருங்கும்போது அந்தப் பக்கம் காற்று தடைபட்டு, கணக்கில் கிடைத்த ஆதாயத்திலும் ஒரு பகுதி போய்விடும். மினி காரின் ஏ-சீரிஸ் எஞ்சின் இதற்கு நல்ல பாடம்: 1275 சிசி ஹெட்டை 998 சிசி பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலில்) பொருத்தினால் எக்ஸாஸ்ட் வால்வுக்காகப் பிளாக்கின் மேல்தளத்தில் பள்ளம் வெட்ட நேரிடும். வால்வுகளைப் பெரிதாக்கிய ஹெட்டில் இரு சீட்டுகளுக்கும் இடைப்பட்ட பாலம் மெலிந்து விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. எக்ஸாஸ்ட் விட்டம் இன்டேக் விட்டத்தில் 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் போதும்.

மூல விட்டத்திலேயே, சீட் முகத்துக்குப் பின்புறம் 30 டிகிரியில் ஒரு வெட்டும், போர்ட்டுக்குள் (ஹெட்டில் உள்ள வாயு வழிக்குள்) நிற்கும் பகுதியில் மெலிந்த தண்டும் உள்ள வால்வை வாங்குவது செலவும் ஆபத்தும் குறைந்த வழி. சீட் கோணம் 45 டிகிரியாகவே இருக்கட்டும். மூடியிருக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீட் வழியாகவே வெளியேறுவதால், அங்கே தொடு பட்டை 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. இன்டேக்கில் 1 மி.மீ. போதும். தலையின் விளிம்புத் தடிப்பும் எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், மெலிந்த விளிம்பு விரைவில் எரியும்.

படி 6: பிஸ்டனோடு உள்ள இடைவெளி

முழுத் தொகுப்பையும் வாங்குமுன் இன்டேக்கில் ஒன்றும் எக்ஸாஸ்ட்டில் ஒன்றும் மட்டும் பெற்றுப் பொருத்திப் பாருங்கள். பிஸ்டன் தலையில் களிமண் போன்ற மாடலிங் கிளேயை வைத்து, எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, டாப்பட் இடைவெளியைச் சரியாக வைத்த பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் வலிந்து சுற்றாமல் நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றி, கிளேயை வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்தால் இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெளியேற்ற வீச்சின் முடிவில், மூடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு மேலேறுகிறது; அளவுக்கு மீறிய வேகத்தில் ஸ்பிரிங் தளர்ந்து வால்வு தாமதித்தால் முதலில் அடிபடுவது அதுவே என்பதால்தான் அதற்கு அதிக இடைவெளி. பக்கவாட்டிலும் வால்வு விளிம்புக்கும் பிஸ்டன் பள்ளத்தின் சுவருக்கும் இடையே 1.3 மி.மீ. இருக்கட்டும்.

படி 7: வந்து சேர்ந்த வால்வுகள்

மீதி வால்வுகள் வந்ததும் ஒவ்வொன்றின் தண்டையும் மீண்டும் அளந்து, தராசில் எடை போட்டு, வி-பிளாக்கில் (தண்டைத் தாங்கும் வி வடிவக் கட்டையில்) சுழற்றி, டயல் இண்டிகேட்டரால் சீட் முகம் தண்டோடு ஒத்து ஓடுகிறதா என்று பாருங்கள், 0.03 மி.மீ.க்கு மேல் ஆடுவதைத் திருப்பி அனுப்பலாம். பொருத்தி ஓட்டிய பின், முதல் பயிற்சிச் சுற்றுகள் முடிந்து எஞ்சின் நன்றாகக் குளிர்ந்ததும் டாப்பட் இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். புதிய வால்வு சீட்டில் படியும்போது இடைவெளி சிறிது குறைவது இயல்பே. அடுத்தடுத்த ஓட்டங்களிலும் ஒரே சிலிண்டரில் அது குறைந்துகொண்டே போனால் அந்தச் சீட்டோ வால்வோ தேய்கிறது, ஹெட்டைத் திறந்தாக வேண்டும்.