தாது வருஷப் பஞ்சத்தை நூலகத்தில் தேடுவது எப்படி?

ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவானதும் நெறியாளர் சொல்லும் வழக்கமான வரி ஒன்று உண்டு: "போய் லைப்ரரியில சோர்ஸ் பாருங்க." எங்கே தொடங்குவது, கிடைத்ததை எந்த அளவு நம்புவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. முதல் மாதம் முழுக்க அலமாரிகளுக்கு நடுவே சும்மா நடந்தவன் நான். அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தேடிப் பார்ப்போம்: 1876–78 பஞ்சம், நம் பாட்டிமார் வாயில் தாது வருஷப் பஞ்சம். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் தேடும் முறை இதேதான்.

படி 1: தலைப்பைச் சுருக்குங்கள்

"சென்னை மாகாணத்தில் பஞ்சம்" என்று கிளம்பினால் ஓர் அலமாரியே உங்கள் தலையில் விழும். ஊர், ஆண்டு, ஆட்கள் மூன்றையும் குறுக்கி ஒரு கேள்வியாக எழுதுங்கள். "1877-இல் சேலம் மாவட்ட நிவாரண வேலைகளில் கூலியை யார், எப்படி முடிவு செய்தார்கள்?" என்று ஒரு கேள்வி இருந்தால், புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவைப் பார்த்தே அது வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம்.

படி 2: தேடுசொற்களைச் சேருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. தேடுபொறி நீங்கள் தட்டும் எழுத்தைத்தான் தேடும், உங்கள் மனத்தில் இருப்பதை அல்ல. இன்று நாம் "பஞ்சம்" என்கிறோம். அன்றைய அச்சில் "க்ஷாமம்", "ஷாமம்" என்றும் இருக்கும். நாட்டுப் பாடல்களில் "கருப்பு", "கரிப்பு" என்று வரும். அங்கே அது நிறத்தைக் குறிக்காது, பஞ்சத்தைத்தான் குறிக்கும். "வருஷம்", "வருடம்", "ஆண்டு" மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் சேர்த்தவர் எந்தச் சொல்லை எழுதினாரோ அதுதான் பிடிபடும். ஆங்கிலப் பட்டியலில் தேடும்போதும் "சேலம்", "மெட்ராஸ்", "மதுரை" ஆகியவற்றின் பழைய எழுத்துக்கூட்டல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரின் எல்லையும் மாறியிருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கும். தருமபுரியைப் பற்றி எழுதுகிறவர் "தருமபுரி மாவட்டம்" என்று தேடினால் 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் ஆண்டுப் பெயர். பழைய தமிழ் நூல்களில் சிலவற்றில் "தாது வருஷம்", "ஈஸ்வர வருஷம்" என்று மட்டும்தான் அச்சாகியிருக்கும். தாது 1876 சித்திரையில் பிறந்தது. அடுத்து ஈஸ்வர, அதற்கடுத்து வெகுதானிய. ஆனால் இது 60 ஆண்டுச் சுழற்சி. 1816-உம் தாது, 1936-உம் தாது. பட்டியல் போட்டவர் ஒரு சுற்றுத் தவறிவிட்டால் 1936-இல் அச்சான நூல் 1876 என்று பதிவாகிவிடும். தாளையும் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆண்டை எழுதுங்கள்.

படி 3: பட்டியலில் பாருங்கள், பிறகு அலமாரிக்குப் போங்கள்

உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று மூன்று பெட்டிகள் இருக்கும். முதலில் பொருள் பெட்டி. பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும் அதன் அழைப்பு எண்ணை, அதாவது அலமாரியில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்ணை, முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், புள்ளிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்து. பாதி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஏறி இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ்நாட்டு வரலாறு 954.82-இல் இருக்கும். பஞ்சம் என்ற சமூகப் பிரச்சினை 363.8. தமிழ் இலக்கியம், அதனுடன் பஞ்சக் கும்மிகளும், 894.811 பக்கம். ஒரே பஞ்சத்துக்கு மூன்று அலமாரி, மூன்றையும் பார்க்க வேண்டும். சில நூலகங்களில் எண்களுக்கு நடுவே எழுத்தும் கோலன் குறியும் வந்தால் பயப்பட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்து 1933-இல் வெளியிட்ட பகுப்புமுறை அது.

தேடிய நூல் கிடைத்ததும் உடனே திரும்பாதீர்கள். இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து நூல்களின் முதுகைப் படியுங்கள். கணினியில் சிக்காத நல்ல நூல்கள் எனக்கு இப்படித்தான் கிடைத்தன.

படி 4: வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

இன்டர்நெட் ஆர்க்கைவில் பதிப்புரிமை முடிந்த ஆங்கில நூல்கள் குவிந்து கிடக்கின்றன. தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கைத் தலைப்பு என்றால் "நூலகம்" என்ற இணையத்தளம். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன.

ஷோத்கங்காவில் என் வழக்கம் தலைகீழ்: ஆய்வேட்டைக் கடைசியிலிருந்து படிப்பேன். நூலடைவும் அடிக்குறிப்புகளும்தான் முதலில் வேண்டும். முன்னால் போனவர் எந்த ஆவணக் கட்டைப் புரட்டினார், எந்த அரசாணை எண்ணைப் பார்த்தார் என்று அங்கே தெரியும். முடிவுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

படி 5: நேரில் போக வேண்டியவை

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்: அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள். அதே எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்துக்குள் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் இதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்தது. குஜிலிப் பாட்டு (மலிவாக அச்சிட்டுத் தெருவில் விற்ற பாட்டுப் புத்தகம்), சிறு வெளியீடு என்று மற்ற இடங்களில் குப்பைக்குப் போனவை இங்கே கிடைக்கும்.

போகும் முன் துறைத்தலைவரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றையும் பையில் போடுங்கள். பழைய தாள் இருக்கும் இடத்தில் பேனாவை எடுத்தாலே முறைப்பார்கள், நியாயம்தான். "பஞ்சம் பற்றி என்ன இருக்கு?" என்று கேட்டால் ஊழியர் பாவம் என்ன செய்வார்? "1877-ஆம் ஆண்டு, வருவாய் வாரியம், சேலம்" என்று கேளுங்கள். ஷோத்கங்காவில் எடுத்த எண்கள் இங்கேதான் உதவும்.

படி 6: கிடைத்ததை விசாரியுங்கள்

சரி, கையில் பத்துப் பதினைந்து ஆதாரங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: நீ யார், உனக்கு இது எப்படித் தெரியும், இதைச் சொல்வதால் உனக்கு என்ன லாபம்?

வில்லியம் டிக்பி 1878-இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். நிகழ்ந்த உடனே எழுதியது, விவரங்கள் ஏராளம். ஆனால் அவர் சென்னையில் பத்திரிகை ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக்குச் செயலாளர். நிதி எப்படிச் செயல்பட்டது என்று அவர் எழுதும் பக்கங்களை, தன் வேலையைத் தானே விவரிக்கும் ஒருவரின் பக்கங்களாகப் படிக்க வேண்டும். அதற்காக நூலைத் தூக்கி எறியக்கூடாது. சார்பு இருக்கிறது என்று விலக்கினால் வரலாற்றில் ஒரு நூலும் மிஞ்சாது.

கூலி விவகாரத்தில் இது இன்னும் தெளிவு. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராம், ஓர் அணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அது உயிர் பிழைக்கவே போதாது என்று எதிர்த்தார். டெம்பிளின் குறிப்பை மட்டும் படித்தால் கணக்கு நியாயமாகவே தெரியும். ஆனால் 1873–74 பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்துத் தாராளமாகச் செலவழித்தார் என்று வசை வாங்கியவர் அவர். இந்தமுறை கையை இறுக்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒருவர் குறிப்பை எடுத்தால் எதிர்த்தவர் குறிப்பையும் அதே நாளில் எடுத்துவிடுங்கள்.

இறந்தவர் எண்ணிக்கையில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நூலில் 55 லட்சம், இன்னொன்றில் 80 லட்சத்துக்கு மேல். எது சரி என்று உடனே தேர்ந்தெடுக்காமல், எந்தப் பகுதிக்கான கணக்கு என்று பாருங்கள். பிரிட்டிஷ் மாவட்டங்கள் மட்டுமா, மைசூர் போன்ற சமஸ்தானங்களும் சேர்ந்தா? பதிவான இறப்பா, 1871, 1881 குடிக்கணக்குகளை ஒப்பிட்டுக் கணித்ததா? எல்லை சொல்லாத எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள்.

சேலத்துக்கு ஆங்கிலேய அதிகாரி லெஃபானு தொகுத்து 1883-இல் வந்த மாவட்டக் கையேடு உண்டு. நிர்வாகத்தின் பார்வை அதில் கிடைக்கும். பசித்தவர் பார்வைக்குக் கும்மிப் பாடல்களைத் தேடிப் போக வேண்டும். பாட்டில் வரும் தானிய விலையை அப்படியே புள்ளிவிவரமாக எடுக்க முடியாது, எதுகைக்காக எண் மாறியிருக்கலாம். எதை விற்றார்கள், எதைத் தின்றார்கள், யாரைத் திட்டினார்கள் என்பதற்குப் பாட்டு நல்ல சாட்சி.

சில போலிகளை ஆண்டை வைத்தே பிடித்துவிடலாம். "1877 சுதேசமித்திரன் செய்தி" என்று ஒருவர் எழுதினால் நின்று யோசியுங்கள். அந்தப் பத்திரிகை தொடங்கியதே 1882-இல். தி இந்து கூட 1878 செப்டம்பரில்தான் வந்தது. படங்களும் இப்படித்தான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹூப்பர் இந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் எடுத்த சென்னை மாகாணப் படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடு இணையத்தில் சுற்றுகின்றன.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு நூல்பட்டியல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் பளிச்சென்று இருக்கும், அப்படி ஒரு நூலே இருக்காது. ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காத நூலை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.

படி 7: குறிப்பு எடுக்கும்போதே முகவரியும்

ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே நூலகம், அழைப்பு எண், பதிப்பு, பக்கம், பார்த்த தேதி. கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி இருந்தால் முதலில் தலைப்புப் பக்கம், பிறகு உள்பக்கம். ஒருமுறை அருமையான ஒரு மேற்கோள் கிடைத்தது, எந்தக் கட்டில் என்று எழுதவில்லை. சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது சென்னைக்குப் பஸ் ஏறினேன். போய் இறங்கிய அன்று அரசு விடுமுறை.