மலிவு விலை பர்பனைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

கென்டக்கி மாநிலத்தின் பார்ட்ஸ்டவுனில் தயாராகும் வெரி ஓல்ட் பார்ட்டன், அந்த வட்டாரத்தைத் தாண்டி அதிகம் கண்ணில் படாத பர்பன், அதாவது மக்காச்சோளம் பெரும்பங்கு வகிக்கும் அமெரிக்க விஸ்கி. 750 மி.லி. பாட்டில் பெரும்பாலும் 20 டாலருக்குள் கிடைத்துவிடும். 80 புரூஃபில் தொடங்கி 100 வரை பல ரகம் உண்டு (புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு). புதிதாகப் பழகுபவர் 100 புரூஃபையே எடுக்கலாம். அதில் ஆல்கஹால் 50 சதவீதம். காட்டமாக இருக்கிறதென்றால் தண்ணீரை நாமே அளந்து விட்டுக்கொள்ளலாம். 80 புரூஃபில் அந்தத் தண்ணீரை ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள். கலந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதலில் லேபிளைப் படியுங்கள்

‘ஸ்ட்ரெய்ட் பர்பன்’ என்றிருந்தால், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு இருந்த சரக்கு. 4 ஆண்டுக்குக் குறைவென்றால் வயதைப் போட்டே ஆக வேண்டும். வயதே போடாவிட்டால் 4 ஆண்டாவது ஆகியிருக்கும். நிறமோ சுவையோ தனியாகச் சேர்க்கக் கூடாது என்பதால், கண்ணாடியில் தெரியும் செம்பழுப்பு முழுவதும் மரம் கொடுத்தது. ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: வெரி ஓல்ட் பார்ட்டனில் முன்பு 6 ஆண்டு என்று வயது இருந்தது, பிறகு சொற்களை எடுத்துவிட்டு 6 என்ற எண்ணை மட்டும் விட்டார்கள். ‘ஆண்டு’ என்ற சொல் கூட இல்லாத எண், வயதுக் கணக்கில் சேராது. சாமர்த்தியம்தான், வேறென்ன சொல்ல!

மூன்று கிளாஸ், ஒரு சிரிஞ்சு

வாய் குறுகிய சிறு கண்ணாடி கிளாஸ் மூன்று வேண்டும். காலிக் கிளாஸை முதலில் முகர்ந்து பாருங்கள். சோப்பு வாடையோ அலமாரி வாடையோ அடித்தால் வெந்நீரில் அலசிக் காயவிடுங்கள். மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் குளோரின் வாடை இல்லாததாக, அறை வெப்பத்தில் இருக்கட்டும்.

மூன்றிலும் 15 மி.லி. விஸ்கி ஊற்றுங்கள். முதல் கிளாஸை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் 1.7 மி.லி. தண்ணீர் விட்டால் சுமார் 45 சதவீதம், மூன்றாவதில் 3.75 மி.லி. விட்டால் 40. பத்து நிமிடம் தொடாதீர்கள். ஊற்றியவுடன் நகப்பாலிஷ் போல ஒரு வாடை வரலாம், பெரும்பாலும் அது இந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். அரை மணி கழித்தும் அப்படியே நின்றால் சரக்கின் குணமே அதுதான்.

முகர்வது, குடிப்பது

ஒயின் கிளாஸைப் போலச் சுழற்றாதீர்கள்; ஆல்கஹால் ஆவி குபீரென்று கிளம்பி மூக்கை மரக்கடித்துவிடும். கிளாஸை மோவாயருகே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மெதுவாக முகருங்கள். 40 சதவீதக் கிளாஸிலிருந்து தொடங்கி மேலே போங்கள். எதிர்த்திசையில் போனால், காட்டம் பட்ட நாக்குக்குக் கடைசிக் கிளாஸ் வெறும் தண்ணீராகத் தெரியும்.

முதல் வாய் எரியத்தான் செய்யும், அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டாவது வாய் 2 அல்லது 3 மி.லி. போதும். விழுங்காமல் பத்து விநாடி நாக்கில் உருட்டுங்கள். நாக்கில் தெரியும் இனிப்பில் மக்காச்சோளமும் உண்டு, பீப்பாயும் உண்டு. பர்பனுக்கான தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும். வெனிலாவும் கருகிய சர்க்கரைப்பாகும் கருக்கிய ஓக்கிலிருந்து வருபவை. கிராம்பு, மிளகு போன்ற உறைப்பு பெரும்பாலும் அந்தக் கலவையில் சேரும் ரை என்ற தானியத்துடையது. விழுங்கியபின் ஈறு வறண்டு துவர்த்தால் அது மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். உதட்டிலும் தொண்டையிலும் உடனே சுடுவது ஆல்கஹால். சற்றுத் தாமதித்து நடுநாக்கில் ஏறுவது மசாலா. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் மூன்று கிளாஸும். தண்ணீர் கூடக்கூடச் சூடு சீராக இறங்கும், மசாலா அதே வேகத்தில் இறங்காது. 45-இல் வெனிலா தூக்கலாகி, 40-இல் எல்லாமே சப்பென்று ஆனால், உங்கள் நாக்குக்கு ஏற்ற அளவு இடையில் எங்கோ இருக்கிறது, 0.5 மி.லி.யாகக் கூட்டித் தேடுங்கள்.

ஐஸ் இப்போதைக்கு வேண்டாம், குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். காரசாரமான சாப்பாடோ காபியோ முடிந்த கையோடும் உட்காராதீர்கள். அதற்காக வெறும் வயிறும் கூடாது. மூன்று கிளாஸும் சேர்த்து 45 மி.லி., ஒரு சின்னப் பெக்குக்கும் (30 மி.லி.) கூடுதல். வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். கால் பாட்டிலுக்குக் கீழே போனால் காற்று பட்டு வாசனை மங்கத் தொடங்கும். அந்த நிலையில் சின்னப் பாட்டிலுக்கு மாற்றிவிடலாம், இல்லையென்றால் சோடாவுக்குக் கொடுத்துவிடலாம்.