இன்ஜினை வாங்கிய பிறகு வளைவை அளக்காதீர்கள்

தோட்டத்தில் மாடல் ரயில் தடம் போட்டு, சுவிஸ் மின்சார இன்ஜின்களை ஓட்டுபவர்களுக்கான குறிப்புகள் இவை. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். அதனால்தான் 1:22.5 அளவு மாடல்கள் 45 மி.மீ. தடத்தில் ஓடுகின்றன. இதை முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். தண்டவாளத்தைத் துடைக்க மறப்பது, மேல்கம்பியைத் தொடும் கூரைச் சட்டமான பான்டோகிராஃபைக் கைதவறி ஒடிப்பது எல்லாம் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, அவற்றை விட்டுவிடலாம். பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

தடம் ஒன்று, அளவு வேறு

1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ் வண்டிகளின் 1:32 மாடல்களும் இதே 45 மி.மீ. தடத்தில்தான் ஓடும். ஸ்டாண்டர்ட் கேஜ் கோட்ஹார்ட் பாதையில் ஓடிய, 'முதலை' என்ற பட்டப்பெயர் கொண்ட இன்ஜின் அந்த அளவில் கிடைக்கிறதே என்று வாங்கி, ரேட்டியன் பெட்டிகளோடு கோப்பவர்கள் உண்டு. கதவு உயரத்தைப் பார்த்தாலே பொருந்தாதது தெரியும். தடத்தில் ஏறுகிறதா என்று பார்க்காதீர்கள், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் பாருங்கள்.

'குறைந்தபட்ச ஆரம்' என்ற வரியை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. எல்ஜிபி என்ற மாடல் நிறுவனத்தின் தொடக்கப் பெட்டியோடு வரும் ஆர்1 வளைவின் ஆரம் 60 செ.மீ. இன்ஜினின் பெட்டியில் 'குறைந்தபட்ச ஆரம் 600 மி.மீ.' என்று இருக்கும். உடனே ஆர்1-இலேயே தடம் முழுவதையும் போட்டு, சுரங்கம், நடைமேடை, கம்பம் எல்லாம் கட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த வரி சொல்வதெல்லாம் சக்கரம் தடம்புரளாது என்பதை மட்டுமே. உடல் எங்கே இடிக்கும், பின்னால் வரும் பெட்டி என்ன பாடுபடும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ரேட்டியனின் மின்சார இன்ஜினான ஜிஇ 4/4 மூன்றாம் வகையின் நிஜ நீளம் 16 மீட்டர். சுருக்காமல் செய்தால் மாடல் 71 செ.மீ. வரும். சற்றே சுருக்கிய 65 செ.மீ. மாடலையே எடுத்துக்கொள்வோம். போகி (உடலுக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) மையங்களுக்கு இடையே 40 செ.மீ., அகலம் 12 செ.மீ. என்று வையுங்கள். ஆர்1-இல் உடலின் நடுப்பகுதி தடத்தின் மையத்திலிருந்து 3.4 செ.மீ. உள்ளே தள்ளும், மூக்கு 5.2 செ.மீ. வெளியே நீளும். ஆரத்தை 120 செ.மீ. (ஏறக்குறைய ஆர்3 வளைவு) ஆக்கினால் இவை 1.7, 2.7 என்று பாதியாகிவிடும்.

இரட்டைத் தடம் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உள்வளைவு 60, வெளிவளைவு 78 செ.மீ. என்றால் இடைவெளி 18. உள்தடத்து இன்ஜினின் மூக்கு முனை சுமார் 10.5 செ.மீ. வெளியே வரும். வெளித்தடத்தில் அதே இன்ஜின் நின்றால் அதன் இடுப்பு 8.6 செ.மீ. உள்ளே வரும். கூட்டினால் 19. ஒன்றையொன்று உரசும்.

பெட்டியை இணைக்கும் கொக்கியான கப்ளிங் போகியில் இருந்தால் ஓரளவு தப்பலாம். உடலோடு சேர்ந்திருந்தால் மூக்கு போகும் அந்த ஐந்து செ.மீ.க்கும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு அச்சுள்ள லேசான பெட்டிதான் முதலில் புரளும். குற்றம் பெட்டியின் மேல் விழும்!

திருத்தவும் எளிதில்லை. ஆர்1 வட்டத்துக்கு 30 பாகையில் 12 துண்டு, ஆர்3 வட்டத்துக்கு 22.5 பாகையில் 16 துண்டு. தடம் பிரியும் இடத்துப் பாயின்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பித்தளைத் தடத்துக்குக் கொடுக்கும் விலையில் இன்னொரு இன்ஜினே வந்துவிடும்.

ஆகவே கட்டுவதற்கு முன்பே தரையில் தாள் விரித்து, அதன் மேல் வளைவைப் பொருத்துங்கள். இன்ஜினின் நான்கு மூலைகளிலும் இரு பக்க நடுவிலும் பென்சிலை ஒட்டிக் கையால் மெல்லத் தள்ளுங்கள். விழும் கோட்டுக்கு வெளியே ஒரு செ.மீ. விட்டுத்தான் சுவரும் கம்பமும். இன்ஜின் இன்னும் கையில் இல்லையென்றால் அதே நீளத்தில் அட்டையை வெட்டி, போகி மையங்களில் ஆணி குத்தித் தள்ளிப் பாருங்கள். இடம் ஆர்1-க்கு மேல் தராது என்றால் ரேட்டியனின் சொந்த 'முதலை'யான ஜிஇ 6/6 முதல் வகைதான் நல்ல தேர்வு. அதன் உடல் மூன்று துண்டாக மடங்குவதால் பிதுங்கல் குறைவு.

மின்சாரம் பார்க்காமல் ஜோடி சேர்ப்பது

ரேட்டியனின் மலைப்பாதையான பெர்னினா 1000 வோல்ட் நேர்மின்சாரம். ரேட்டியனின் மற்ற தடங்கள் 11,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். இரண்டும் சந்திக்கும் இடங்கள் செயின்ட் மோரிட்ஸ், பொன்ட்ரெசினா. பெர்னினா பாதையின் புரூசியோ வட்டப்பாலம் கட்டி அதில் மாறுமின்சார இன்ஜினான ஜிஇ 4/4 இரண்டாம் வகையை ஓட்டினால், தெரிந்தவர் சிரிப்பார். இரு மின்சாரத்திலும் ஓடும் வண்டி வேண்டுமென்றால் 2010-இல் வந்த அலெக்ரா. கிளேசியர் எக்ஸ்பிரஸ் பெட்டிகளுக்கு முன்னால் எதைப் பூட்டுவது என்பதும் இடத்தைப் பொறுத்தது. டிசென்டிஸ் நிலையத்தில் இன்ஜின் மாறும், அதற்கு மேற்கே செங்குத்தான ஏற்றத்துக்கான பல்சக்கர இன்ஜின் எச்ஜிஇ 4/4.

பெர்னினாவில் 7 சதவீத ஏற்றம் இருக்கிறதே?

இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் 4 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

மேல்கம்பி சுவிட்ச்

மின்சாரத்தை மேல்கம்பியிலிருந்து எடுப்பதா, தடத்திலிருந்து எடுப்பதா என்று மாற்றும் சுவிட்ச் இது. இன்ஜின் செத்துவிட்டது என்று திருகைக் கழற்றும் முன் இந்தச் சுவிட்சைத் தடத்தின் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

பழைய இன்ஜினைப் படம் பார்த்து வாங்குவது

சக்கரத்தின் விளிம்பில் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், இன்ஜின் நிறைய ஓடியிருக்கிறது. மின்சாரம் எடுக்கும் சறுக்குக் கட்டைகள் தேய்ந்து மெலிந்தோ ஓட்டையாகவோ இருக்கின்றனவா என்று அடிப்பக்கப் படம் கேளுங்கள். 6 முதல் 8 வோல்ட்டில் மெல்ல ஓடவிட்டுக் காணொளியும் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' சத்தம் வந்தால் பல்சக்கரத்தில் விரிசல் இருக்கலாம்.

இன்ஜினுக்குள் டிஜிட்டல் கட்டளையை வாங்கி ஓட்டும் சில்லான டீகோடர், பழைய எல்ஜிபி வகையா என்பதையும் விசாரியுங்கள். அதற்கு 14 வேகப்படிகளே தெரியும். கட்டுப்பாட்டுக் கருவி 28 படிகளில் இருந்தால் வேகம் மாறும்போதெல்லாம் முகப்பு விளக்கு அணைந்து எரியும். பலர் இதை வயரிங் கோளாறு என்று எண்ணிக் கூரையைப் பிரிக்கிறார்கள். கருவியில் அந்த இன்ஜினுக்கு மட்டும் 14 என்று மாற்றினால் போதும்.