கேட்டுவிட்டுச் சொல்லும் பதிவு: வியாபார வலைப்பதிவில் வாசகரையும் பேச வைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைப் பக்கம் ஒரு கறித்தூள் கடைக்குப் போய் "ஒரு கிலோ தூள் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே நிறுக்க மாட்டார். "மச்சக் கறிக்கோ, மரக்கறிக்கோ? உறைப்பு கூடவோ, மட்டாவோ? வெளிநாட்டுக்கு அனுப்பவோ?" என்று இரண்டு மூன்று கேள்வி வரும். பதிலைக் கேட்ட பிறகுதான் அவருடைய கை சரியான சாக்குக்குப் போகும். வாங்க வந்தவருக்கும் அந்த இடத்திலேயே ஒரு நம்பிக்கை பிறந்துவிடும்.

மாமியின் தூள் உற்பத்திக்காக நான் வலைப்பதிவு எழுதத் தொடங்கியபோது இந்தக் கேள்விகளை மறந்துவிட்டேன். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் எப்படி வறுக்கிறோம் என்று நீளமாக எழுதினேன். அதை வாசித்தவர்களும் கடைசியில் வாட்ஸ்அப்பில் வந்து, "அது சரி தங்கச்சி, எங்கட வீட்டுக்கு எது சரிவரும்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பதிவே கேட்டுப் பதிவே பதில் சொல்லும்படி செய்யலாம் என்று பிறகுதான் விளங்கியது. அதைத்தான் இன்டராக்டிவ் கன்டென்ட் என்கிறார்கள். தமிழில் ஊடாடும் உள்ளடக்கம். வாசிப்பவர் ஒன்றைத் தொடுகிறார், தெரிவு செய்கிறார், அதற்கேற்பப் பக்கம் வேறு பதில் காட்டுகிறது. வினாடி வினா, வாக்கெடுப்பு, கணிப்பான், தொட்டுப் பார்க்கும் வரைபடம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2013 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் தன் தளத்தில் 25 கேள்விகள் போட்டது. நீங்கள் இந்தப் பொருளை என்ன சொல்லால் சொல்வீர்கள் என்று கேட்டு, உங்கள் பேச்சு அமெரிக்காவின் எந்தப் பகுதிப் பேச்சு என்று வரைபடத்தில் காட்டும். அந்த ஆண்டு முடிய 11 நாட்களே இருந்தும், அந்த ஆண்டில் அவர்களுடைய தளத்தில் மிக அதிகம் பார்க்கப்பட்ட பக்கம் அதுதான். செய்தி ஒன்றும் அதில் இல்லை. வாசகரைப் பற்றி வாசகருக்கே ஒன்றைச் சொன்னது, அவ்வளவுதான். ஒரு சொல்லை வைத்தே வடமராட்சியா, தீவகமா என்று ஊரைப் பிடித்துவிடும் நமக்கு இதன் ருசி சொல்லாமலே தெரியும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். காசு செலவில்லை. கணினி இருந்தால் வசதி. ஒரு பின்னேரம் போதும்.

படி 1: கேள்வியைத் தேடுங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம்

பலர் முதலில் ஒரு கருவியைப் பிடித்துவிட்டு, அதில் என்ன கேட்கலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படி வருவதுதான் "உங்களுக்குப் பிடித்த நிறம் எது?" போன்ற பயனில்லாத வாக்கெடுப்புகள். நீங்கள் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து கடந்த மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருவதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி போடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை: கேட்பவர் மாறினால் பதில் மாறுமா? "விலை என்ன?" என்பதற்குப் பதில் எல்லாருக்கும் ஒன்று. அதைச் சாதாரணமாக எழுதிவிடுங்கள். "எனக்கு எது சரிவரும்?" என்பதற்கு ஆளுக்கொரு பதில். வினாடி வினாவுக்கு ஏற்ற கேள்வி அது. "எங்கே போகலாம்?" என்றால் வரைபடம். "செய்த பிறகு எப்படி இருக்கும்?" என்றால் முன்னும் பின்னும் காட்டும் படம்.

பதில் மாறாத இடத்தில் பட்டன் வைக்காதீர்கள். வாசகர் மினக்கெட்டுத் தொட்டு, எல்லாருக்கும் வரும் அதே பதில் தனக்கும் வந்தால், அடுத்த முறை தொடமாட்டார்.

படி 2: கடதாசியில் மரம் வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் தூளுக்கு நான் வரைந்த மரம் இது. மேலே முதல் கேள்வி: வீட்டில் கூடச் சமைப்பது மச்சமா, மரக்கறியா? அதிலிருந்து இரண்டு கிளை. இரண்டு கிளையிலும் அதே இரண்டாம் கேள்வி: உறைப்பு கூடவா, மட்டா? ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிய, கீழே நான்கு பதில்கள். கேள்விப் பக்கம் மூன்று, பதில் பக்கம் நான்கு, மொத்தம் ஏழு பெட்டி. இந்த ஏழுக்கும் எண் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அந்த எண்தான் கைகொடுக்கும்.

ஒருவர் போகும் பாதையில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்றுக்கும் இரண்டிரண்டு தெரிவு என்றாலே எட்டுப் பதில் எழுத வேண்டும். புதிதாகச் செய்பவருக்கு அது பெரிய பாரம்.

பதில்களை நேரமெடுத்து எழுதுங்கள். "உங்களுக்கு ஏற்றது இரண்டாம் வகைத் தூள்" என்று முடித்துவிட்டால் அது விளம்பரம் மட்டும்தான். ஏன் என்று சொல்லுங்கள். "வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் மிளகாய் மட்டு, மல்லி கூட. கறி கொதித்து இறக்கும் நேரத்தில் போட்டால் மணம் நிற்கும்" என்று ஒரு சமையல் குறிப்பும் சேருங்கள். வாங்காமல் போகிறவரும் ஏதோ ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். உங்கள் பொருள் சரிவராத ஆளுக்கு அதை நேராகச் சொல்லுங்கள். எங்களிடம் வறுக்காத தூள் இல்லை. அதைத் தேடுகிறவருக்கு இல்லை என்றே பதிவில் எழுதியிருக்கிறோம்.

படி 3: கூகுள் ஃபோர்ம்ஸில் ஏற்றுங்கள்

இது இணையத்தில் கேள்விப் படிவம் செய்யும் இலவசக் கருவி. புதிய படிவம் ஒன்றைத் திறந்து, பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி, அதாவது செக்‌ஷன் உருவாக்குங்கள். மரத்தில் போட்ட எண் வரிசையிலேயே வையுங்கள். கேள்வி வகை மல்டிபிள் சொய்ஸ் ஆகவோ டிராப்டவுன் ஆகவோ இருக்க வேண்டும். மற்ற வகைகளில் கிளை பிரிக்க முடியாது. கேள்வியின் கீழ் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'கோ டு செக்‌ஷன் பேஸ்ட் ஒன் ஆன்சர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் எந்தச் செக்‌ஷனுக்குப் போவது என்று கேட்கும். உங்கள் மரத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

இனி இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, பதில் செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் முடிந்ததும் அடுத்த செக்‌ஷனுக்குப் போவதுதான் ஃபோர்ம்ஸின் வழக்கம். அதை மாற்றாமல் விட்டால் முதல் பதிலை வாசித்தவர் அடுத்துத் தட்டியதும் இரண்டாம் பதிலுக்குப் போவார், பிறகு மூன்றாவதற்கு. நான் முதலில் இதைக் கவனிக்காமல் விட்டேன். நான்கு பதிலையும் பார்த்துக் குழம்பிய ஒரு வாடிக்கையாளர் ரொறன்ரோவிலிருந்து எழுதிக் கேட்ட பிறகே திருத்தினேன். ஒவ்வொரு பதில் செக்‌ஷனின் முடிவிலும் 'சப்மிட் ஃபோர்ம்' என்று மாற்றுங்கள்.

மற்றது, எல்லாக் கேள்விக்கும் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) பொத்தானைப் போடுங்கள். கேள்வியைத் தாண்டிப் போனால் கிளை வேலை செய்யாது.

அமைப்புகளில் மின்னஞ்சல் சேகரிப்பதையும், ஒருவருக்கு ஒரு முறை மட்டும் என்பதையும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது போட்டிருந்தால் கூகுள் கணக்குக்குள் நுழையச் சொல்லிக் கேட்கும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

பதிலின் கீழே வாட்ஸ்அப் இணைப்பு ஒன்றை வையுங்கள். டபிள்யூ ஏ டொட் எம் ஈ என்ற முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, உங்கள் எண்ணை முன்னுள்ள 0 இல்லாமல், கூட்டல் குறியும் இல்லாமல், இலங்கைக்குரிய 94 என்று தொடங்கி எழுதினால் தொட்டவுடன் உரையாடல் திறக்கும். வந்தவர் தனக்கு வந்த பதிலைச் சொல்லியே கதைக்கத் தொடங்குவார். உங்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

படி 4: பதிவுக்குள் பொருத்துங்கள்

படிவத்தைப் பிரசுரித்து, கோண அடைப்புக் குறிகள் போல் உள்ள அடையாளத்தைத் தொட்டால், பதிவில் ஒட்டுவதற்கு ஒரு கோடு (code, நிரல் வரி) தரும். வேர்ட்பிரஸ் என்றால் 'கஸ்டம் எச்.ரி.எம்.எல்' புளொக்கிலும், புளொக்கர் என்றால் எச்.ரி.எம்.எல் பார்வைக்கு மாறியும் அதை ஒட்டுங்கள். அந்தக் கோட்டில் அகலம் 640 என்று இருக்கும். அது கைத்தொலைபேசித் திரையை விடப் பெரிது. அதை 100% என்று மாற்றுங்கள். உயரத்தை உங்கள் மிக நீளமான செக்‌ஷன் அடங்கும் அளவுக்குக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் உருளும், விரல் எதில் நிற்கிறது என்று தெரியாது.

சில இலவசக் கணக்குகளில் சேமித்தவுடன் அந்தக் கோடு காணாமல் போகும். பாதுகாப்புக்காகத் தளமே நீக்குகிறது. அப்போது ஒரு படத்தை வைத்து அதற்குப் படிவத்தின் லிங்கைக் கொடுங்கள், வேலை நடக்கும்.

வைக்கும் இடம் முக்கியம். பதிவின் அடியில் வைத்தால் அங்கே வந்து சேர்பவர் குறைவு. இரண்டாவது அல்லது மூன்றாவது பந்திக்குப் பிறகு வையுங்கள். நான்கு பதில்களின் சுருக்கத்தையும் அதன் கீழே சாதாரண எழுத்தாகவே எழுதிவிடுங்கள். டேட்டா மெதுவாக இருந்து படிவம் திறக்காதவருக்கு அது உதவும்.

வேறு வகைகள்

எல்லாவற்றிலும் இலேசானது, தொட்டால் விரியும் பதில். வேர்ட்பிரஸில் 2023இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து 'டீட்டெயில்ஸ்' என்ற புளொக் இருக்கிறது. மேலே கேள்வி, தொட்டால் கீழே பதில். பத்து நிமிட வேலை. முதல்முறை செய்கிறவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

நல்லூரில் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கு, சொந்த வரைபடம் செய்ய உதவும் கூகுள் மை மெப்ஸ் நல்ல துணை. திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள், "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கோட்டை, பொது நூலகம், கீரிமலை, கசூரினா கடற்கரை, குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போகும் நயினாதீவு என்று புள்ளி போடுங்கள். கோயில், கடற்கரை, சாப்பாடு என்று லேயர் (அடுக்கு) பிரித்தால், வேண்டாததை வாசகரே மறைத்துப் பார்ப்பார். ஒரு வரைபடத்துக்குப் 10 லேயர் வரை இடமுண்டு. லிங்க் உள்ள எல்லாரும் பார்க்கலாம் என்று மாற்றிய பிறகு பதிவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உங்கள் சொந்தக் குறிப்பு ஒரு வரி இருக்கட்டும்: எந்த நேரம் வெயில் குறைவு, எங்கே நிழல் உண்டு. அந்த வரி கூகுளிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

மணவறை அலங்காரம், வீட்டுக்கு வர்ணம் பூசுதல், பழைய நகை மெருகூட்டல் போன்ற தொழில் செய்கிறவர்கள் ஜக்ஸ்டபோஸ் என்ற இலவசக் கருவியைப் பாருங்கள். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்தது. இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுக்கோட்டை விரலால் இழுத்துப் பார்க்கலாம். இரண்டு படமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கணிப்பான் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கூகுள் ஷீட்டைப் பிரசுரித்தால் போதும் என்று நினைப்பதுண்டு. பிரசுரித்த ஷீட்டை வாசகர் பார்க்கத்தான் முடியும், எண்ணை மாற்ற முடியாது. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும். கொஞ்சம் பழகிய பிறகு பார்ப்போம்.

தமிழில் செய்யும்போது

அச்சகத்திலிருந்து வாங்கிய எழுத்துகளைப் படிவத்தில் ஒட்டினால் சில வேளை விளங்காத ஆங்கில எழுத்துகளாக வரும். அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துரு. எல்லாக் கருவியும் வாசிக்கும் பொது முறையான யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தெரிவுகளைச் சின்னதாக வையுங்கள். "உறைப்பு மட்டாக இருந்தால் நல்லது" என்று எழுதுவதைவிட "மட்டு" போதும். நமது சொற்கள் நீளம், சின்னத் திரையில் இரண்டு மூன்று வரியாக மடங்கும். பிரசுரிக்க முன் வீட்டில் மூத்தவர் ஒருவரின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். மாமி எங்கே தயங்கினாவோ, அந்த இடங்களில்தான் மற்றவர்களும் தயங்கினார்கள்.

தொலைபேசி எண்ணைப் பதிலுக்கு முன்னால் கேட்காதீர்கள். பலர் "பதிலைப் பார்க்க எண்ணைத் தாருங்கள்" என்று வைக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை. உதவி செய்கிறேன் என்று கூப்பிட்டுவிட்டு வாசலில் மறிப்பது அது. எண் கட்டாயம் வேண்டுமென்றால் பதிலுக்குப் பிறகு, விருப்பமானவர் தரும்படி, எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் உள்ள நம்மவர்களின் விவரங்களுக்கு அங்குள்ள சட்டம் 2018 முதல் நடைமுறையில் உண்டு. சேகரிக்காத விவரத்தைப் பாதுகாக்கத் தேவையில்லை.

வந்த பதில்களை என்ன செய்வது?

ஃபோர்ம்ஸின் 'ரெஸ்பொன்ஸஸ்' பகுதியில் எத்தனை பேர் எதைத் தெரிவு செய்தார்கள் என்று வட்டப் படமாகவே காட்டும். ஷீட்டோடு இணைத்தால் திகதி வாரியாகவும் பார்க்கலாம். மரக்கறிக் கிளைக்கு அவ்வளவு பேர் போவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பதிவை மரக்கறிக் குழம்பு பற்றி எழுதினேன். மாமி சின்னப் பொதிகளாகவும் கட்டத் தொடங்கினா.

பதில்களுக்குள் விலையை எழுதாதீர்கள். மிளகாய் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் ஒவ்வொரு செக்‌ஷனாகத் திறந்து திருத்த வேண்டி வரும். விலைப் பட்டியலைத் தனிப் பக்கத்தில் வைத்து, பதில்களில் அதற்கு லிங்க் மட்டும் கொடுங்கள். பொருள் முடிந்துபோனால் அந்தப் பதில் செக்‌ஷனின் முதல் வரியிலேயே "அடுத்த இடிப்பு வரை இல்லை" என்று போட்டுவிடுங்கள்.